போகக் கூடாத முனை

ஒர்மோ கொம்பனியை அமெரிக்கன் வாங்கிவிட்டான் என்ற கதையை முதலில் கொண்டுவந்தவன் வசீகரன்தான். அவன் கொண்டுவராத கதை அந்தக் கட்டடத்தில் எது இருந்தது? கெபெக்கில் லாசால் என்ற இடத்தில் வேட்டைத் துவக்குகள் செய்கிற அந்தத் தொழிற்சாலையில், மதியம் புட்டுப் பெட்டியைத் திறக்கும்போதே வாயையும் திறந்துவிடுவான். பெட்டியை மூடிய பிறகும் வாய் மூடாது.

வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் புலம்பிக்கொள்கிற இணையத்தளம் ஒன்று உண்டு. இன்ன கொம்பனியைக் காசுக்காரக் கூட்டமொன்று வாங்கியது, அன்றிலிருந்து பிடிக்கட்டை பிளக்கிறது, ஆணி கழலுகிறது, குழல் துருப்பிடிக்கிறது, அந்த நாளையத் துவக்கு வேறு என்று அங்கே ஓயாத ஒப்பாரி. அடுத்தது ஒர்மோதான் என்று யாரோ அதில் எழுதியிருந்தார்களாம். வசீகரன் அதை வாசித்துக் காட்டிவிட்டு, புது முதலாளிகள் வந்தவுடன் பிழையான துண்டுகளைக் கழித்துப் போடுகிற சிவப்புத் தட்டுகளை எண்ணுவார்களாம், ஆர் கூடக் கழிக்கினமோ அவையைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்புவார்களாம் என்றும் சொன்னான். இந்தக் கடைசித் துண்டு இணையத்தில் இருந்ததா, வசீகரன் தன் கையால் போட்ட உப்பா என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவர் குணரத்தினம். வயது ஐம்பத்தெட்டு. சோதனை மேசையில் மூத்தவர். வசீகரனை அந்த வேலைக்குக் கூட்டிவந்தவரும் அவர்தான், பிறகு ஷெரோன் என்ற பிள்ளையைக் கூட்டிவந்தவரும் அவர்தான். மூன்று பேரும் தமிழ் என்பதால் மற்றவர்கள் அதைத் தமிழ் மேசை என்றே சொல்வார்கள். மேசைக்கு ஒரு கெட்ட பெயர் வந்தால் அது தன் தலையில்தான் விடியும் என்ற நினைப்பு அவருக்கு எப்போதும் இருந்தது. ஜூன் தொடக்கத்தில் கோட்டுச் சூட்டுப் போட்ட சிலர் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தபோது, அதில் ஒருவன் குணரத்தினத்தின் முதுகுக்குப் பின்னால் நின்று சிவப்புத் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். அவன் வேறெதையாவது யோசித்துக்கொண்டு நின்றிருக்கலாம். ஆனால் அது போதுமாயிருந்தது.

மேசையின் வேலை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. துவக்குத் தானாக வெடிக்காமல் பூட்டி வைக்கிற சேஃப்டிக்குள் இருக்கிற சின்ன உருக்குத் துண்டில் ஒரு வெட்டு இருக்கும். அந்த வெட்டுக்குள் கேஜ் என்ற அளவுகோலை விட்டுப் பார்க்கவேண்டும். கேஜுக்கு இரண்டு முனை. ஒன்று உள்ளே போகவேண்டும், மற்றது போகக் கூடாது. போகக் கூடாத முனை போய்விட்டால் வெட்டு அகலம், துண்டு சிவப்புத் தட்டுக்கு. தப்பியதை விசைப் பெட்டியில் பொருத்தி, பார்த்தவரின் இலக்கத்தைக் குத்தி அனுப்புவார்கள். குணரத்தினத்தின் இலக்கம் ஏழு. அகலமான வெட்டு வெளியே போனால் என்ன நடக்கும் என்பதை வேலைக்கு வந்த முதல் நாளே சொல்லிக் கொடுப்பார்கள். சேஃப்டியை முன்னே தள்ளுகிற அந்தக் கணத்திலேயே, விசையில் விரல் படாமலே, துவக்கு வெடிக்கலாம்.

அப்படித் தெரிந்த மனிதர்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். பிழையானதை விடு என்று ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை. கை மட்டும் இளகிவிட்டது. கேஜை வழக்கம்போல அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும் முனை, மெல்லப் பிடித்தால் வாசலிலேயே நின்றுவிடும். நின்றுவிட்டதா, நின்றுவிட்டது. போகவில்லை என்பது பொய்யும் இல்லை. ஷெரோன் மெல்லப் பிடிப்பதை வசீகரன் கண்டான், வசீகரன் பிடிப்பதைக் குணரத்தினம் கண்டார். மூவரும் காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள். சிவப்புத் தட்டு நாளாக நாளாக வெறுமையானது, மேலிடத்திலிருந்து நல்ல வேலை என்று பாராட்டும் வந்தது. அது தனக்கு உரிய பாராட்டில்லை என்று குணரத்தினத்துக்குத் தெரியும். தெரிந்தால் என்ன, மறுநாளும் மெல்லத்தான் பிடித்தார்.

இதற்கெல்லாம் முன்பே வீட்டில் ஒரு கலியாணப் பேச்சுத் தொடங்கியிருந்தது. மகன் கீர்த்திகன் எமிலி என்ற கெபெக் பெட்டையை விரும்பினான். தாய் இல்லாமல் வளர்ந்த பிள்ளை, அவன் ஆசைக்குக் குறுக்கே நிற்க அவருக்கு மனம் வரவில்லை. எமிலியின் தகப்பன் ரெயால் பெரிய உடம்பும் பெரிய சிரிப்புமான மனிதர், மூஸ் மான் வேட்டையென்றால் சோறு தண்ணி வேண்டாம். முதல் சந்திப்பிலேயே தான் சுட்ட மூஸ் இறைச்சியில் ஒரு பெரிய பொதியைக் கொண்டுவந்து குணரத்தினத்தின் கையில் கொடுத்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை, குணரத்தினம் மரக்கறி மட்டும்தான் சாப்பிடுவார். ஆனாலும் சம்பந்தி முகம் கோணக்கூடாதென்று ஒரு துண்டு வாயில் வைத்தார்.

சம்பந்தி கை நிறையக் கொண்டுவந்தால் இந்தப் பக்கத்திலிருந்து கை வீசிக்கொண்டு போகமுடியாது. வேட்டியும் சால்வையும் ரெயாலுக்கு என்னத்துக்கு? யோசித்து யோசித்துக் கடைசியில் ஒர்மோவின் துவக்கொன்றே கொடுப்பதென்று முடிவுகட்டினார். உரிமம் ரெயாலிடம் இருந்தது, வாங்குவதும் பதிவதும் அவர் பெயரில். செலவு மட்டும் குணரத்தினத்துடையது. அதோடு விட்டிருக்கலாம். பொருத்துகிற பகுதியில் வேலை செய்யும் மார்சேலிடம் வசந்தகாலத்திலேயே போய், என் சம்பந்தியின் துவக்குக்கு என் கையால் பார்த்த பெட்டியைப் போடு, ஏழு குத்தியதைப் போடு என்று கேட்டுக்கொண்டார். அப்போது வசீகரனின் கதை இன்னும் வந்து சேரவில்லை. அப்போது அந்த ஏழு என்ற இலக்கத்துக்கு ஒரு மானம் இருந்தது.

செப்டம்பரில் துவக்கு வந்தது. ரெயால் அதைத் தன் வீட்டு மேசையில் வைத்து, சேஃப்டியை முன்னே தள்ளி, குண்டு போகிற வழியை மூடுகிற போல்ட்டைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் காட்டினார். பிறகு திருப்பி அந்தச் சின்ன ஏழு இலக்கத்தைக் காட்டினார். வந்தவர் போனவர் எல்லோருக்கும், இது என் குணா, அவர் பார்த்த துவக்கு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். குணரத்தினமும் சிரித்தார். அந்த நேரத்தில் அவருக்கு மெல்லப் பிடித்த கையின் ஞாபகம் வரவேயில்லை. சந்தோஷத்தில் மனிதருக்கு என்ன ஞாபகம் வருகிறது?

அக்டோபரில் ரெயால் வடக்கே மூஸ் வேட்டைக்குப் புறப்பட்டார். கீர்த்திகனையும் கூட்டிப்போனார். அவனுக்குச் சுடத் தெரியாது, சும்மா கூடப்போய்க் காட்டைப் பார்க்கிற ஆசை. முன்னுக்கு நடந்து தடம் பார்க்கிற வேலை அவனுக்கு, பின்னுக்குத் துவக்கோடு மாமனார்.

அவர்கள் போன மறுநாள் மதியத்துக்கு முன், இடைவேளையில், வசீகரன் போனை நீட்டினான். பழைய தளம், புதுச் செய்தி. ஒருவன் எழுதியிருந்தான்: புது ஒர்மோ, சேஃப்டியை விடுவித்தேன், விரல் வைக்கவேயில்லை, வெடித்துவிட்டது, நல்லவேளை முன்னுக்கு ஒருவரும் இல்லை. கீழே கூட்டமாக வந்து, அமெரிக்கன் வாங்கிய பிறகு இப்படித்தான், மட்டமான இரும்பு போடுகிறான் என்று எழுதியிருந்தார்கள். பாருங்கோ அண்ணை, வாங்கினது உண்மைதான் என்று வசீகரன் சொன்னான், ஏதோ வழக்கில் வென்றதுபோல.

குணரத்தினம் தேத்தண்ணியைக் கீழே வைத்தார். இரும்பு மாறவில்லை என்று அவருக்குத் தெரியும். வரைபடம் மாறவில்லை, இயந்திரம் மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான், அது அந்த மேசையில் ஆறு கைகளில் இருந்தது. பிறகு ரெயாலின் துவக்கு நினைவுக்கு வந்தது, முன்னுக்கு நடக்கிற மகன் நினைவுக்கு வந்தான். 

மார்சேலிடம் ஓடினார். சம்பந்தியின் பெட்டியை எப்போது போட்டாய் என்று கேட்டார். கோடை விடுமுறை முடிந்து வந்தவுடன் என்றான் மார்சேல், மேலே கிடந்த ஏழாம் இலக்கப் பெட்டியை எடுத்தேன், நீங்கள் கேட்டபடிதான். மேலே கிடந்தது கடைசியாக வந்தது. கோடை விடுமுறைக்கு முந்திய கடைசிக் கிழமைகளில் அவர் கை எப்படிப் பிடித்தது என்பது அவருக்கல்லவா தெரியும்.

மகனின் போன் அடிக்கவேயில்லை, நேரே பதிவுக்குரலுக்குப் போனது. ரெயாலுடையதும் அப்படித்தான். எமிலியைப் பிடித்து, காரணம் சொல்லாமல், வேட்டை முகாம் நடத்துகிறவர்களின் தொலைபேசி இலக்கத்தை வாங்கினார். அவளோ பதறிவிட்டாள், அவர் ஒன்றுமில்லை பிள்ளை ஒன்றுமில்லை என்று தமிழிலேயே சொல்லி வைத்துவிட்டார்.

முகாமில் ஒரு பெண் எடுத்தாள். அவர்களுடைய குடிசை உள்ளே தூரத்தில், அங்கே போன் வேலை செய்யாது, ரேடியோதான், அதையும் மதியத்திலும் பொழுதுபடவும்தான் போடுவார்கள் என்றாள். என்ன அவசரம் என்று கேட்டாள். குணரத்தினத்தின் பிரெஞ்சு சந்தையில் கத்தரிக்காய் வாங்கப் போதும். துவக்கு நல்லதில்லை, நல்லதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உங்களுக்கு எப்படித் தெரியும், யார் நீங்கள் என்று அவள் கேட்டாள்.

வசீகரன் பக்கத்தில் வந்து நின்றான். 

"அண்ணை, பேரைச் சொல்லாதேங்கோ. இன்ரநெற்றிலை பாத்தன் எண்டு சொல்லுங்கோ. உங்கடை பிள்ளைக்கு விசயம் போனால் காணும்தானே. எங்களையும் ஒருக்கா யோசியுங்கோ."

யோசித்தார். அதுதான் வெட்கம், அந்த நேரத்திலும் யோசித்தார். இணையத்தில் பார்த்தேன் என்று சொன்னால் நாளைக்கும் இந்த மேசையில் இருக்கலாம். ஆனால் யார் அதை நம்பி ரேடியோவில் கத்தப் போகிறார்கள்?

தான் ஒர்மோவில் வேலை செய்வதாகவும், தன் பெயர் குணரத்தினம் என்றும், அந்தத் துவக்கைச் சோதித்தது தான்தான் என்றும் சொன்னார். வசீகரன் கதிரையில் இருந்துவிட்டான். அந்தப் பெண்ணின் குரல் மாறியது. மதியம் ரேடியோ வந்தவுடன் சொல்கிறேன், அவர்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்டாள். குண்டை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், உடனே எடுக்கச் சொல்லுங்கள் என்றார். சரி என்று எழுதிக்கொண்டவள், வைக்கப் போகும் நேரத்தில் இன்னொன்று கேட்டாள். இந்தக் கிழமை எங்கள் காட்டில் ஒர்மோ வைத்திருக்கிறவர்கள் வேறும் இருக்கிறார்கள் ஐயா, எவையெவை பிழை?

 மகன், ரெயால், அந்த ஒரு துவக்கு. இவ்வளவு நேரமும் அதற்கு மேல் குணரத்தினம் நினைக்கவேயில்லை. எல்லாம் என்று சொன்னார். பிரெஞ்சில் அது ஒரு சின்னச் சொல்.

அதற்குப் பிறகு மேலே போகாமல் இருக்கமுடியுமா? தொழிற்சாலைப் பொறுப்பாளர் மதாம் கோத்தேயின் அறைக்குக் கதவைத் தட்டாமல் போனார். ஷெரோன் தானாக எழுந்து பின்னால் வந்தாள், மொழிபெயர்க்க. அந்தப் பிள்ளை இந்த ஊரிலேயே படித்தது. அவர் தமிழில் சொல்லச் சொல்ல அவள் பிரெஞ்சில் சொன்னாள். தன் கையும் அதில் இருந்ததால், அவர் நான் என்று சொன்ன இடத்திலும் அவள் நாங்கள் என்றே சொன்னாள்.

மதாம் கோத்தே எழுந்து நின்று கேட்டார். ஏன் என்று மட்டும்தான் கேட்டார். கொம்பனியை வாங்கினவர்கள் கழிவை எண்ணுவார்கள், கூடக் கழிக்கிறவரை அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டோம் என்றார் குணரத்தினம்.

"யார் வாங்கியது?" என்று கேட்டார் மதாம்.

ஒருவரும் வாங்கவில்லை. ஜூனில் வந்தவர்கள் பார்த்தார்கள், போனார்கள், அவ்வளவுதான். கழிவை யாரும் எண்ணவில்லை, ஒருவரையும் அனுப்புகிற பேச்சே இருக்கவில்லை. கழிவு குறைந்ததைக் கண்டு, புது வெட்டு இயந்திரம் நன்றாக வேலை செய்கிறது என்று தான் நினைத்ததாகச் சொல்லும்போது அந்த மனுஷியின் குரல் நடுங்கியது. ஷெரோன் அதை மொழிபெயர்க்காமல் அழத் தொடங்கினாள். அமெரிக்கன் வந்து கெடுத்தான் என்று ஊரெல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறது, வராத அமெரிக்கனுக்குப் பயந்து கெடுத்தது இந்த மூன்று பேர். இதை எந்தக் கோயிலில் போய்ச் சொல்லி அழுவது?

மதாம் தொலைபேசியைக் கையில் எடுத்தார். பொருத்துகிற வேலையை நிறுத்தச் சொன்னார், கடைகளுக்குச் சொல்ல ஆட்களைக் கூப்பிட்டார். நடுவில் திரும்பி, முகாமுக்கு என்ன சொன்னீர்கள் என்று குணரத்தினத்திடம் கேட்டார். குண்டை எடுக்கச் சொன்னேன் என்றார் அவர்.

 மதாம் வாயைத் திறக்குமுன் குணரத்தினத்துக்கே விளங்கிவிட்டது. ஒர்மோ துவக்கில் சேஃப்டியை முன்னே தள்ளாமல் போல்ட் திறக்காது. போல்ட் திறக்காமல் குண்டு வெளியே வராது. குண்டை எடு என்று சொன்னால் சேஃப்டியைத் தள்ளு என்று சொன்னதுதான். எத்தனை வருஷமாக அந்தத் துண்டோடேயே கிடக்கிற மனிதன், பயத்தில் தன் வாயால் அதைச் சொல்லியிருக்கிறார்.

மதாமின் மேசைத் தொலைபேசியைப் பறித்து முகாமுக்கு அடித்தார். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. முகாம்காரி எடுத்தவுடனேயே, சொல்லிவிட்டேன் ஐயா என்றாள். உங்கள் சம்பந்தி நம்பவில்லை, சிரித்தார், அதெல்லாம் இணையத்துக் கட்டுக்கதை, என் துவக்கில் குணாவின் ஏழு இருக்கிறது என்றார். ஆனால் உங்கள் மகன் விடவில்லை. அப்பா வேலை நேரத்தில் வீணாகப் போன் அடிக்கிறவர் இல்லை, குண்டை எடுத்தேயாகவேண்டும் என்று அவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இப்போது ரேடியோவை அணைத்துவிட்டார்கள்.

சேஃப்டியைத் தொடவேண்டாம் என்று சொல்லுங்கள், எதையும் தொடவேண்டாம், துவக்கை நிலத்தில் வைத்துவிட்டு விலகிப் போகச் சொல்லுங்கள் என்று குணரத்தினம் கத்தினார். ஷெரோன் போனை வாங்கி அதை ஒழுங்கான பிரெஞ்சில் சொன்னாள். முகாம்காரி தன் புருஷனை நாலுசில்லு வண்டியில் அனுப்புவதாகச் சொன்னாள். போய்ச் சேர நேரம் எடுக்கும் என்றும் சொன்னாள்.

பிறகு காத்திருப்பு. அது எவ்வளவு நேரம் என்று அவரைக் கேட்டால் இன்றைக்கும் சொல்லமாட்டார். மதாமின் அறையிலேயே, தன் போனைத் தொடையில் வைத்துக்கொண்டு இருந்தார். வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டார், அழுத்திப் பிடித்தார். முருகா, பிள்ளையை விடு, என்னை என்ன வேணுமெண்டாலும் செய் என்று முணுமுணுத்தார். எந்த முகத்தோடு கேட்கிறாய் என்று உள்ளே ஒரு குரல் திருப்பிக் கேட்டது. வசீகரன் வாசலில் வந்து நின்றான். செய்தி காட்டிய அந்தப் போனை அணைத்துப் பைக்குள் வைத்தான்.

போன் அடித்தது. கீர்த்திகன்.

"அப்பா, எனக்கு ஒண்டுமில்லை. ரெயாலுக்கும் ஒண்டுமில்லை."

குணரத்தினம் அழுதார். மகன் அவர் அழுது முடியும்வரை பொறுத்துப் பிறகு சொன்னான். ரெயால் அவனுடைய கரைச்சல் தாங்காமல், சரி பார் என்று குடிசை மேசையில் துவக்கை வைத்துச் சேஃப்டியைத் தள்ளினாராம். தள்ளியதுதான். வெடி அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைத் துளைத்துக்கொண்டு போனது. கோப்பி போடத் தண்ணீர் எடுக்கவென்று அவன் அந்த இடத்தை விட்டு அப்போதுதான் நகர்ந்திருந்தான். காது இன்னும் கூவுகிறதாம். முகாம்காரரின் வண்டி பிறகுதான் வந்து, அவர்களை போன் வேலை செய்கிற இடத்துக்குக் கூட்டிவந்ததாம்.

"அப்பா, ரெயால் அந்தத் துவக்கை வைச்சுக்கொண்டு ஏழாம் நம்பரைத் தடவித் தடவிப் பாக்கிறார். ஆரோ உங்கடை நம்பரைக் களவாக் குத்தியிருக்கினமாம். கொம்பனியை வாங்கின ஆக்கள்தானாம். உங்கடை கையிலை இது பிழைக்காதாம். பொலிசிலை சொல்லப்போறன் எண்டு நிக்கிறார். அப்பிடித்தானே, அப்பா?"

பின்னால் ரெயாலின் குரல் கேட்டது. கோபமான குரல், ஆனால் அவருக்காகக் கோபப்படுகிற குரல். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அந்தக் குரல் அப்படியே இருக்கும். மதாமும் ஷெரோனும் வாசலில் நின்ற வசீகரனும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இல்லை, தம்பி. ஒருத்தரும் வாங்கேல்லை, ஒருத்தரும் களவெடுக்கேல்லை. அது நான் பாத்து, நான் குத்தினதுதான். அவரிட்டைச் சொல்லு."

 கீர்த்திகன் அந்தப் பக்கம் திரும்பி மாமனாரிடம் பிரெஞ்சில் சொல்லத் தொடங்குவது கேட்டது. குணரத்தினத்தின் பிரெஞ்சு அரைகுறைதான். அன்றைக்கு அதில் ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை.